வடக்கே போகும் ஆய்வு மாணவரைத் தயார்ப்படுத்துவது: கனடாவில் வழிகாட்டும் பேராசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

கனடாவின் வடபகுதியிலும் ஊரகத்திலும் உடல்நல ஆய்வு செய்ய வரும் மாணவர் தடுமாறினால், பெரும்பாலும் அறிவுக் குறைவு அதற்குக் காரணமாக இருப்பதில்லை. நாட்காட்டிதான் காரணம். முதுநிலைப் பட்டத்துக்கு 24 மாதம். செப்டம்பரில் சேர்ந்தவர் தலைப்பை முடிவு செய்வதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும். ஊரின் சுகாதார இயக்குநருக்கு முதல் மின்னஞ்சல் ஜனவரியில் போகும். ஊரை ஆளும் கவுன்சிலின் தீர்மானம் வர ஆறு மாதம், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால், அனுமதி கைக்கு வரும்போது ஆறு உறையத் தொடங்கியிருக்கும். உதவித்தொகையும் பாதி கரைந்திருக்கும். மீதிக் காலத்தில் அரக்கப்பரக்கப் பத்து நேர்காணல், ஓர் ஆய்வேடு, பிறகு அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்காத ஒரு பட்டதாரி.

அதனால் பயிற்சியை மாணவர் வருவதற்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும். அந்த ஓராண்டு வேலை முழுக்க உங்களுடையது, மாணவருடையது அல்ல.

மாணவர் சேர்வதற்கு முன்

ஆய்வுக் கேள்வி ஊரிலிருந்து வரட்டும். முதற்குடியினர் (இனுயிட், மேட்டி அல்லாத கனடாப் பூர்வகுடிகள்) ஊர் என்றால் முதலில் சுகாதார இயக்குநரிடம் பேசுங்கள். அவர் வழியாகத் தலைவரையும் கவுன்சிலையும் அணுகுங்கள். ஒன்ராறியோவின் ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் வீனிபேகோ வட்டாரச் சுகாதார ஆணையம் இருக்கிறது. வடமேற்கில் சூ லுக்அவுட் முதற்குடியினர் சுகாதார ஆணையம் இருக்கிறது. மானிட்டூலின் தீவில் ஊரார் தாங்களே நடத்தும் ஆய்வுப் பரிசீலனைக் குழு உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் ஒப்புதல் தந்துவிட்டது என்பதற்காக அந்தக் குழு கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டாது. அப்படி ஆட்டவும் கூடாது.

வடமேற்கு நிலப்பகுதியில் ஆய்வு செய்ய இனுவிக்கில் உள்ள அரோரா ஆய்வு நிறுவனத்திடம் உரிமம் பெற வேண்டும். நுனாவுட்டில் உடல்நல, சமூக ஆய்வுகளுக்கு உரிமம் தருவது இக்காலுயிட்டில் உள்ள நுனாவுட் ஆய்வு நிறுவனம். அங்கே துறைச்சொல் கலக்காத திட்டச் சுருக்கத்தை இனுயிட் மக்களின் மொழியான இனுக்டிடுட்டிலும் கொடுக்க வேண்டும். இந்த மொழிபெயர்ப்பைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். உரிமம் கேட்டால் விண்ணப்பம் ஊர்களின் கருத்துக்குச் சுற்றுக்கு விடப்படும். எனவே பயணத் தேதிக்குக் குறைந்தது மூன்று, நான்கு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. ஊரின் ஒப்புதல் கடிதத்தைக் கொண்டுவா என்று பல்கலைக்கழக நெறிமுறைக் குழு சொல்லும். பல்கலைக்கழக ஒப்புதலைக் காட்டு என்று ஊர் சொல்லும். ஊரின் கடிதம் வந்தபின் செல்லுபடியாகும் என்ற நிபந்தனை ஒப்புதலை எழுத்தில் தரும்படி நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள். பெரும்பாலான குழுக்கள் தரும், ஆனால் நீங்கள் கேட்டால்தான் தரும்.

கவுன்சிலின் ஆயுளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பூர்வகுடிகளுக்கான கனடாச் சட்டமான ‘இந்தியன் சட்டத்தின்’கீழ் தேர்தல் நடத்தும் ஊர்களில் கவுன்சிலுக்கு இரண்டு ஆண்டுதான். முதற்குடியினர் தேர்தல் சட்டத்துக்கு மாறிய ஊர்களில் நான்கு ஆண்டு. மூன்றாண்டு ஆய்வை இரண்டாண்டுக் கவுன்சில் ஏற்றுக்கொண்டால், நடுவில் புதியவர்கள் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது. தீர்மானத்தோடு நின்றுவிடாமல் ஆய்வு உடன்படிக்கை ஒன்றும் எழுதிக்கொள்ளுங்கள். தரவு யாருக்குச் சொந்தம், எங்கே இருக்கும், கட்டுரையை வெளியிடும் முன் ஊர் படித்துப் பார்க்க எத்தனை நாள், கருத்து வேறுபட்டால் என்ன செய்வது, ஆய்வை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற ஐந்துக்கும் அதில் விடை இருக்க வேண்டும். படித்துப் பார்க்க 45 நாள் என்று எழுதுவது இரு பக்கத்துக்கும் தாங்கும். ‘நியாயமான கால அளவு’ என்று எழுதினால் பின்னால் சண்டைதான்.

யாரைச் சேர்ப்பது

வடக்கில் பிறந்து வளர்ந்தவர் விண்ணப்பித்தால், மதிப்பெண் கொஞ்சம் குறைந்திருந்தாலும் அவருக்கு முன்னுரிமை கொடுங்கள். வட ஒன்ராறியோ மருத்துவப் பள்ளி 2005இல் சட்பரியிலும் தண்டர் பேயிலும் தொடங்கியதும் இந்தக் கணக்கில்தான். இப்போது தனிப் பல்கலைக்கழகமாகிவிட்ட அங்கே மாணவர்களில் பெரும்பாலோர் வட ஒன்ராறியோக்காரர்கள். முதலாண்டில் நான்கு வாரம் பூர்வகுடி ஊரில் தங்குகிறார்கள். மூன்றாம் ஆண்டில் எட்டு மாதம் சிறு நகரங்களில் பயிற்சி. ஆய்வுப் பயிற்சிக்கும் அதே தர்க்கம் பொருந்தும். இரண்டு வாரம் போய்வருவது சுற்றுலா. எட்டு மாதம் இருந்தால் யாருக்கு யார் உறவு, எந்த வாரம் நர்சிங் ஸ்டேஷனில் (நர்சுகள் நடத்தும் ஊர் மருத்துவ நிலையத்தில்) கூட்டம் என்பதெல்லாம் தானாகப் புலப்படும்.

ஊரிலிருந்தே ஒருவரை ஆய்வு உதவியாளராகச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். அவரும் பயிற்சி பெறுபவர்தான். அவர் பெயர் நன்றியுரையில் வந்தால் போதாது, கட்டுரையாளர் வரிசையில் வர வேண்டும்.

முதல் நான்கு மாதம்

மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுக்காகக் கனடாவின் மூன்று ஆய்வு நிதி அமைப்புகள் வெளியிட்ட முப்பேரவைக் கொள்கை அறிக்கையின் இணையப் பாடத்தை முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம், சில மணி நேர வேலைதான். சான்றிதழைப் பதிவிறக்கம் செய்வதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அந்த அறிக்கையின் 9ஆம் அத்தியாயம் முதற்குடியினர், இனுயிட், மேட்டி மக்களைப் பற்றியது. அதை அச்செடுத்து, மாணவரும் நீங்களும் வரிவரியாகச் சேர்ந்து படியுங்கள். அடுத்தது தரவு பற்றிய ஓகேப் (OCAP) கொள்கை: உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். முதற்குடியினர் தகவல் ஆளுகை மையம் இதற்கென்று பாடம் நடத்துகிறது. நான்கில் மாணவர்கள் இடறுவது நான்காவதில். தரவின் உரிமை ஊருக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கோப்பை ரொறன்ரோவில் இருக்கும் சர்வரில் வைத்துக்கொண்டால், கைவசம் யாரிடம் இருக்கிறது? ஓகேப் முதற்குடியினருக்கு உரியது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். இனுயிட் மக்களுக்கு 2018இல் அவர்களின் தேசிய அமைப்பான இனுயிட் தபிரீட் கனதமி வெளியிட்ட தேசிய ஆய்வு உத்தி தனியாக இருக்கிறது. ஒரு சட்டையை எல்லோருக்கும் மாட்டிவிட முடியாது.

வரலாற்றைச் சொற்பொழிவாக நடத்தாதீர்கள், பயிற்சியாக நடத்துங்கள். 1980களில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நூ-சா-நுல்த் மக்களிடம் மூட்டுவாத ஆய்வுக்கென்று 883 பேரின் இரத்தம் எடுக்கப்பட்டது. அது அவர்களுக்குத் தெரியாமல் வேறு நாடுகளுக்குப் போய், மூதாதையர் வழியைத் தேடும் ஆய்வுகளுக்குப் பயன்பட்டது. 2004இல்தான் திரும்பி வந்தது. இதைச் சொல்லி முடித்ததும், மாணவர் எழுதிய ஒப்புதல் படிவத்தையே அவர் முன் வையுங்கள். ‘எதிர்கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தப்படலாம்’ என்ற வரி அதில் இருக்கும், கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். பழைய படிவ மாதிரியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வரி அது. அதே சம்பவம் இந்த வரி வழியாக மறுபடி நடக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு விளக்கவுரை தேவைப்படாது. கனடா உடல்நல ஆய்வு நிறுவனங்களின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரத்தம் போன்ற மாதிரிகளை ஆய்வாளருக்குக் கடனாகக் கொடுத்த பொருளாகக் கருதச் சொன்னது. படிவத்தை அந்தக் கண்ணோடு திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை சிறிது, ஏமாற்றம் பெரிது

புள்ளியியல் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவரும் இங்கே வந்து விழுவார். 400 பேர் வாழும் ஊரில் ஓராண்டில் இருவர் ஒரு காரணத்தால் இறந்தால், வீதம் இலட்சத்துக்கு 500. இன்னொருவர் இறந்திருந்தால் 750. ஒருவர் பிழைத்திருந்தால் 250. பாய்சான் பரவலின்படி 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியை (உண்மை வீதம் அடங்கக்கூடிய எல்லையை) மாணவரையே கணக்கிடச் சொல்லுங்கள்: ஏறத்தாழ 60 முதல் 1,800 வரை வரும். அந்த 500ஐ மாகாண சராசரியோடு ஒப்பிட்டு ஒரு தலைப்பு வைத்தால் நாளிதழில் வரும். ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு அடியில் எதுவும் இல்லை. ஐந்தாண்டைச் சேர்த்து, 10 இறப்பு, 2,000 ஆள்-ஆண்டு (400 பேர், 5 ஆண்டு) என்று வைத்தால் வீதம் அதே 500தான், இடைவெளி 240 முதல் 920 வரை சுருங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பக்கத்து ஊர்களைச் சேர்க்க வேண்டும். அதற்கு ஒவ்வோர் ஊரின் அனுமதியும் வேண்டும். ஆகவே எத்தனை ஊர், எத்தனை ஆண்டு என்பதை உடன்படிக்கை எழுதும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

‘ஊரகம்’ என்ற சொல்லே ஒரு பொறி. கனடா புள்ளியியல் நிறுவனம் 1,000 பேரும் சதுர கிலோமீட்டருக்கு 400 பேரும் இருந்தால் அதை மக்கள்தொகை மையம் என்கிறது, மீதியெல்லாம் ஊரகம். அதே நிறுவனத்தின் ‘ஊரகமும் சிறுநகரமும்’ என்ற வரையறையோ, 10,000 பேருக்கு மேற்பட்ட மைய நகரங்களையும் அங்கே வேலைக்குப் போய்வரும் சுற்றுப்பகுதிகளையும் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணுகிறது. தனித்து நிற்கும் 5,000 பேர் நகரம் முதல் கணக்கில் நகர்ப்புறம், இரண்டாவதில் ஊரகம். அஞ்சல் குறியீட்டின் இரண்டாம் எழுத்து 0 என்றால் ஊரகம் என்பது மூன்றாவது வழி. எளிது, ஆனால் கடிதத்தைப் பக்கத்து நகர அஞ்சல் பெட்டியில் வாங்குகிறவரை அது நகரத்துக்குக் குடியேற்றிவிடும். ஒன்ராறியோவில் 0 முதல் 100 வரை போகும் ஊரகக் குறியீட்டு எண் வேறு இருக்கிறது. இருபது ஊர்களின் பட்டியலைக் கொடுத்து நான்கு முறையிலும் பிரிக்கச் சொல்லுங்கள். எந்த ஊர்கள் பக்கம் மாறுகின்றன என்று பார்த்தாலே மாணவருக்குப் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பதிவேடுகளில் இல்லாததைத் தேடவும் பழக்குங்கள். தொலைவூர் நர்சிங் ஸ்டேஷனில் கூட்டரசின் சம்பளத்தில் இருக்கும் நர்ஸ் மாகாணக் காப்பீட்டுக்குப் பில் அனுப்புவதில்லை. மருத்துவர் பில்களை மட்டும் வைத்து எண்ணினால் அந்த ஊரில் யாருக்குமே நோய் வராதது போலத் தெரியும். முதற்குடியினருக்கான மருந்துச் செலவின் பெரும்பகுதி கூட்டரசின் தனித் திட்டத்தில் போகிறது. மாகாண மருந்துத் தரவில் அதைத் தேடினால் கிடைக்காது. கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே விமானத்தில் தெற்கே அனுப்பிவிடும் ஊர்கள் பல. மருத்துவமனை இருக்கும் இடத்தை வைத்துப் பிறப்பை எண்ணினால் அந்த ஊர்களில் குழந்தையே பிறக்கவில்லை. வசிப்பிடத்தை வைத்துத்தான் எண்ண வேண்டும். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்ட நோயாளி இருமுறை எண்ணப்படுவதும் வடக்கில் அதிகம், ஏனென்றால் அங்கே மாற்றப்படுவதே அதிகம்.

மாகாண உடல்நலத் தரவைக் கையாளும் நிறுவனங்கள் சிறிய கட்டங்களை வெளியே விடுவதில்லை. ஒன்ராறியோவில் 6க்குக் குறைந்த எண் அட்டவணையில் மறைக்கப்படும். ஊர்வாரியாக அட்டவணை போட நினைத்தவர் கடைசியில் வெற்றுக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பார். இதையும் முதல் மாதமே சொல்லிவிடுங்கள்.

முதல் பயணத்தில் ஒலிப்பதிவுக் கருவி வேண்டாம்

முதல் முறை போகும்போது தரவு எடுக்கக் கூடாது. ஒரு வாரம் இருந்து, சுகாதார மையத்தில் என்ன வேலை இருக்கிறதோ அதற்குக் கைகொடுத்து, கேட்டால் மட்டும் ஆய்வைப் பற்றிச் சொல்லிவிட்டு வரட்டும். இதற்கான பயணச்செலவு மானிய விண்ணப்பத்தில் தனி வரியாக இருக்க வேண்டும். மாணவர்களின் வடக்குப் பயணத்துக்கும் தங்கும் செலவுக்கும் போலார் நாலெட்ஜ் கனடாவின் வடக்கு அறிவியல் பயிற்சித் திட்டம் உதவும். விண்ணப்பம் பல்கலைக்கழகம் வழியாகத்தான் போகும் என்பதால் உள்ளூர்க் கெடுத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. வட ஒன்ராறியோவில் மூஸ் ஃபேக்டரி என்ற தீவூரை எடுத்துக்கொள்வோம். காக்ரனிலிருந்து மூஸோனிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ரயில். அதன்பின் ஆற்றைக் கடந்து தீவுக்குப் போக வேண்டும்: கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிச் சாலை. ஆறு உறையும்போதும் உடையும்போதும் ஹெலிகாப்டர் மட்டும்தான். வசந்தத்தில் வாத்து வேட்டைக்கு ஊரே காட்டுக்குப் போய்விடும், பள்ளிக்கூடமும் மூடியிருக்கும். இலையுதிர் காலத்தில் மூஸ் என்ற பெரிய மானின் வேட்டை. ஒதுக்க வேண்டியதையெல்லாம் ஒதுக்கினால் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை, பிறகு கோடை மாதங்கள் என்று மிஞ்சும். பல்கலைக்கழகத்தின் மே-ஆகஸ்ட் களப்பணிப் பருவத்தை அப்படியே இங்கே நட்டுவைத்தால் தொடக்க வாரங்களில் ஆளில்லாத ஊரில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விமானத்தில்தான் போக முடியும் என்ற ஊருக்கு, போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்று வானிலைக்காகக் கூடுதலாக ஒதுக்குங்கள். கடைசி நாளில் முக்கியமான நேர்காணலை வைக்கக் கூடாது. ஊரில் மரணம் நிகழ்ந்தால் எல்லாம் நிற்கும். மாணவரும் நிறுத்த வேண்டும், ‘எப்போது தொடரலாம்’ என்று கேட்கவும் கூடாது. உதவியாளர் சொல்வார்.

கருவிகளுக்கு ஒரு வார்த்தை. கழித்தல் 35 பாகையில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். லித்தியம் பேட்டரி கொண்டுபோகட்டும், ஒலிப்பதிவுக் கருவியை மேலங்கியின் உள்பையில் வைக்கட்டும். பையோடு வெளியே கிடந்து சில்லிட்ட கருவியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்து உடனே இயக்கினால் உள்ளே நீர் படியும். காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு உள்ளே கொண்டுவந்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு பையைத் திறக்க வேண்டும். சுருக்காத ஸ்டீரியோ ஒலிக்கோப்பு ஒரு மணிக்கு 600 மெகாபைட்டைத் தாண்டும்; மெதுவான இணையத்தில் அது ஏறாது. 128 கேபிபிஎஸ் எம்பி3யாகப் பதிந்தால் 60க்குள் அடங்கும், பேச்சைக் கேட்டு எழுத அது தாராளம். எப்படியானாலும் கடவுச்சொல்லால் பூட்டிய இரண்டு யுஎஸ்பி நினைவகங்களில் நகல் எடுத்து, இரண்டையும் வெவ்வேறு பைகளில் வைக்க வேண்டும்.

கேட்பதற்குப் பழகுவது

கிரீ என்ற முதற்குடியைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர் பேச்சை நிறுத்தினால் பேச்சு முடிந்துவிட்டதென்று பொருளல்ல. நகரத்து மாணவருக்கு இரண்டு நொடி மௌனமே நெருஞ்சி முள். உடனே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவார். இதற்கு ஒரே மருந்து, ஒத்திகை நேர்காணலின் பதிவைத் திரும்பக் கேட்பது. எழுத்துப்படியில் மௌனங்களை நொடிக் கணக்கில் குறிக்கச் சொல்லுங்கள். தான் குறுக்கே பாய்ந்த இடங்களைச் சிவப்பில் வட்டமிடட்டும். முதல் பதிவில் சிவப்பு நிறைய இருக்கும். நான்காவது ஒத்திகையில் பத்து நொடி பொறுக்கக் கற்றிருந்தால் அனுப்பலாம்.

மொழிபெயர்ப்பாளருடன் நேர்காணலுக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். கேள்விகளை அவர் தன் மொழியில் சொல்லட்டும், இன்னொருவர் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் திரும்பச் சொல்லட்டும். ‘இரத்த அழுத்தம்’, ‘இடர்’ போன்ற சொற்கள் எங்கே உருமாறுகின்றன என்று அப்போதே தெரிந்துவிடும். சிறிய ஊரில் மொழிபெயர்ப்பாளர் பேட்டி கொடுப்பவரின் அத்தையாக இருக்கலாம். பேட்டி கொடுப்பவரிடம் தனியாகக் கேட்டு, வேண்டாம் என்றால் வேறொருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கையைக் கையோடு உடைத்துவிடுங்கள். 400 பேர் ஊரில் ‘ஒரு நர்ஸ் கூறினார்’ என்று எழுதினால், அது யார் என்று ஊரே சொல்லும். பதவி, வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். மேற்கோள் வரும் ஒவ்வொரு பத்தியையும் உதவியாளரிடம் படித்துக்காட்டி, ‘இது யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் பெயரைச் சொன்னால், அந்தப் பத்தியை மாற்றுங்கள்.

நர்ஸாகவோ மருத்துவராகவோ அதே ஊரில் வேலை பார்க்கும் மாணவர் தன் நோயாளியிடம் தானே ஒப்புதல் கேட்கக் கூடாது. மருந்து எழுதும் கைக்கு ‘மாட்டேன்’ என்று சொல்வது யாருக்கும் கடினம். தற்கொலை, இழப்பு பற்றிய பேட்டி என்றால், அன்று ஊரில் யார் ஆற்றுப்படுத்தும் பணியில் இருக்கிறார் என்பது தெரியாமல் கதவைத் தட்டவே கூடாது. 988 என்ற நாடு தழுவிய தொலைபேசி உதவி இருக்கிறது, ஆனால் சிக்னல் இருந்தால்தான்.

மூத்தோருக்குத் தரும் மதிப்பூதியம் பலமுறை மானத்தை வாங்கிவிடும். பல்கலைக்கழகக் காசோலை ஆறு வாரம் கழித்து வரும். ஊரில் வங்கி இருக்காது. பயண முன்பணமாக ரொக்கம் எடுத்து, கையொப்பத் தாளோடு அன்றே உறையில் வைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டை நிதிப் பிரிவிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அனிஷினாபே என்ற முதற்குடியின் மூத்தோரிடம் அறிவு வேண்டிச் செல்லும்போது புகையிலை கொடுப்பது வழக்கம். இனுயிட் ஊரில் அந்த வழக்கம் கிடையாது. எங்கே எது என்று உதவியாளரிடம் கேட்க வேண்டும், இணையத்தில் தேடக் கூடாது.

திரும்பக் கொடுப்பது

முடிவைச் சொல்லத் திரும்பிப் போகும் பயணத்தை முதல் மானியத்திலேயே எழுதுங்கள். பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது அந்த வரிதான், அதைத் தொடவிடாதீர்கள். ஆய்வேட்டை யாரும் படிக்கமாட்டார்கள். இரண்டு பக்கச் சுருக்கம், ஒரு படம், உள்ளூர் மொழியில் ஒரு பக்கம், பிறகு ஊர் வானொலியில் அரை மணி நேரம். வடக்கின் பல ஊர்களில் வானொலியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், நேயர்கள் அழைத்து நேரடியாகக் கேள்வியும் கேட்பார்கள். மாணவர் இந்த அரை மணியை ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வைவிடக் கவனமாக ஒத்திகை பார்க்கட்டும்.

பட்டம் கிடைத்ததும் மாணவர் போய்விடுவார், பல்கலைக்கழக மின்னஞ்சலும் மூடப்படும். தரவு நினைவகத்தைக் கடவுச்சொல்லோடு சுகாதார இயக்குநரின் கையில் கொடுத்து, அவரது கணினியில் திறந்து காட்டிவிட்டு வர வேண்டும். தரவின் எந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்ற விளக்கத்தாள் கூடவே இருக்கட்டும். அடுத்த ஐந்தாண்டுக்குக் கேள்வி வந்தால் யாரை அழைப்பது என்ற இடத்தில் மாணவரின் பெயரை எழுத வேண்டாம். உங்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதுங்கள்.